பங்களாவின் செங்கல் சுவரைச் சிமெண்டு பூசி மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய துரை பங்களா, அதாவது வெள்ளைக்கார மேலாளரின் வீடு, புதுப்பிக்கப்படுவதாக ஒரு செய்தியும் படமும் வந்திருந்தன. நிலத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனம் பங்களாவை இடிக்கப் போவதில்லை. முதலில் வீடு விற்கும் அலுவலகமாகவும், பிறகு குடியிருப்பாளர்களின் பொது மண்டபமாகவும் வைத்துக்கொள்ளும் என்று போட்டிருந்தீர்கள். படித்ததும் மனம் நிறைந்தது. படத்தைப் பார்த்ததும் பதறிவிட்டேன். கிழக்குப் பக்கம் சாரம் கட்டி, சிவப்புச் செங்கலின் மேல் சிமெண்டு பூசிக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நேரில் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் மாடி ஜன்னல் வரைக்கும் பூச்சு முடிந்துவிட்டது. வேலை செய்கிற இந்தோனேசியத் தம்பிகள் நல்ல கைக்காரர்கள், மட்டம் பிசகாமல் பூசுகிறார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பூசச் சொன்னதுதான் தவறு. முன்பக்கமும் மேற்குப் பக்கமும் இன்னும் தொடாமல் இருக்கின்றன. அதனால்தான் அவசரமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற கொத்தனார். என் அப்பாவும் கொத்தனார். தொழிலாளர்களின் லயன் வீடு, ஸ்டோர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, கோயில், பங்களா என்று தோட்டத்தில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு செப்பனிடும் வேலை இருக்கும். அதற்கென்றே தோட்ட நிர்வாகம் சில ஆட்களை வைத்திருந்தது. அப்பா அதில் ஒருவர். பள்ளிக்கூடம் முடிந்ததும் நானும் அவருக்குக் கல் எடுத்துக் கொடுக்கப் போனேன். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டு, சனங்கள் தாமான் என்னும் புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபோன பிறகு, வெளியே குத்தகை வேலை பார்த்தேன். பங்களாவின் எந்தச் சுவரில் எந்த மழைக்கு ஓதம் ஏறும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்து வளர்ந்தவன் நான்.

நம் நாட்டுத் தோட்டங்களில் துரை பங்களா என்றால் பெரும்பாலும் கீழே செங்கல் தூண்கள், மேலே பலகை வீடு, சுற்றிலும் வராந்தா. எங்கள் ஊர்ப் பங்களா அப்படி இல்லை. அடியிலிருந்து கூரை வரைக்கும் செங்கல். முன்பக்கத்தில் ஒரு மூலை மூன்று பட்டையாக வெளியே பிதுங்கி நிற்கும். அந்த மூன்று பட்டையிலும் ஜன்னல். அதற்கு மேலே முக்கோண முகடு. வாசலுக்கு மேலே செங்கல் வளைவு. கீழ்த்தளமும் மாடியும் சந்திக்கும் இடத்தில் ஒரு செங்கல் பட்டை வீட்டைச் சுற்றி ஓடும். விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டவர். அந்த ஆட்சியின் கடைசி முப்பது வருஷங்களில் இங்கிலாந்து நகரங்களின் ஓரங்களில் வசதியான நடுத்தரக் குடும்பங்கள் கட்டிக்கொண்ட வில்லா என்னும் தனிவீடு எப்படி இருக்குமோ, அதை மனத்தில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு துரை கட்டச் சொல்லியிருக்கிறார்.

கட்டியவர்கள் நம் ஆட்கள். கீழ்த்தளச் சுவர் 13½ அங்குலம், மாடிச் சுவர் 9 அங்குலம். முன்சுவரில் ஒவ்வொரு வரியிலும் ஒரு கல் நீளவாக்கில் இருந்தால் அடுத்த கல் குறுக்குவாக்கில் இருக்கும். மேல்வரியின் குறுக்குக் கல் கீழ்வரியின் நீளக் கல்லுக்கு நட்டநடுவில் உட்காரும். தூரத்திலிருந்து பார்த்தால் பாய் முடைந்தது போல இருக்கும். பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் இந்த அலங்காரம் கிடையாது. ஒரு வரி முழுக்க நீளக் கல், அடுத்த வரி முழுக்கக் குறுக்குக் கல். பலத்துக்கு இதுதான் நல்ல கட்டு, வேலையும் சீக்கிரம் ஓடும். முகப்புக்கு ஒரு கட்டு, மற்ற பக்கத்துக்கு ஒரு கட்டு. இரண்டும் சேரும் மூலையில் வரி பிசகாமல் கொண்டுபோவதற்கு, ஒரு கல்லை நீளவாக்கில் பிளந்து, கால் அளவுத் துண்டாக்கி, மூலைக் கல்லுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறார்கள். அடியிலிருந்து முடிவு வரை அந்தத் துண்டு ஓர் இடத்திலும் தவறவில்லை. ரசமட்டத்தை வைத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன். தூக்குக்குண்டும் நூலும் மட்டக்கோலும் வைத்துக்கொண்டு, இவ்வளவு ஈரமான ஊரில், மழைக்கு நடுவே இப்படிக் கட்டியவர்களின் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருக்காது. அது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

வாசல் வளைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் உள்ள கற்கள் சாதாரணக் கல் இல்லை. மென்மையான கல்லாகப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் தேய்த்துத் தேய்த்து ஆப்பு வடிவத்துக்குக் கொண்டுவந்து, சந்தே தெரியாத அளவுக்கு நைசான சுண்ணாம்பு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். விரல் நகம்கூட அந்தச் சந்துக்குள் போகாது. இந்த வேலையை நானே செய்ததில்லை, அப்பாவும் செய்ததில்லை. எங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்குக் கைவந்திருந்தது.

இன்னொன்று. மேற்குச் சுவரில், சமையலறை வாசலுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு கல்லில் நான்கு விரல்களின் தடம் இருக்கிறது. பச்சைக் கல்லை அச்சிலிருந்து எடுத்துக் காயவைக்கும்போது யாரோ அழுத்திப் பிடித்த கை. சின்னக் கை. பெண்ணின் கையாக இருக்கலாம், பிள்ளையின் கையாகவும் இருக்கலாம். வேலைக்குப் போகும் போதெல்லாம் அப்பா அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பார்.

சரி, இந்தக் கட்டடத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மகள் மான்செஸ்டரில் தாதியாக இருக்கிறாள். பேரப்பிள்ளை பிறந்தபோது நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். டிட்ஸ்பரி என்ற பகுதியில், பழைய செங்கல் வில்லா ஒன்றைப் பிரித்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதில் மாடியில் அவள் குடியிருந்தாள். டாக்சியிலிருந்து இறங்கி அந்த வீட்டைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அதே பிதுங்கிய ஜன்னல், அதே முகடு, அதே பட்டை. குளிரில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்த என்னை மனைவி கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் அங்கே இருந்த நாளெல்லாம் தெருத்தெருவாகப் போய்ச் சுவர் பார்ப்பதுதான் என் வேலை. அந்த ஊரிலும் முகப்புக்கு ஒரு கல், பக்கத்துக்கு ஒரு கல்! தெருவைப் பார்த்த பக்கத்தில் மழமழவென்று இயந்திரத்தில் அழுத்திச் செய்த சிவப்புச் செங்கல். லங்காஷயர் பகுதியில் அக்ரிங்டன் செங்கல் பெயர்போனது, இரும்பு மாதிரிக் கெட்டி. வீட்டைச் சுற்றிப் பின்னால் போனால் சாதாரண மட்டக் கல். நாலைந்து வரி நீளக் கல் வைத்து, அப்புறம் ஒரு வரி குறுக்குக் கல். செலவு மிச்சம் பிடிக்கும் கட்டு. பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என்பது அந்தக் காலத்து வில்லாவின் குணம்.

மகள் படித்துச் சொன்ன விவரங்களும் எனக்குப் பல புதிர்களை அவிழ்த்தன. இங்கிலாந்தில் 1784 முதல் செங்கலுக்கு வரி இருந்திருக்கிறது. 1850ல்தான் அதை எடுத்தார்கள். கண்ணாடிக்கான வரி 1845லும், ஜன்னலை எண்ணி வாங்கிய வரி 1851லும் போயின. பெரிய கண்ணாடி போட்ட பிதுங்கிய ஜன்னல்கள் அதற்குப் பிறகு சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டின. ரயில் வந்ததும் எங்கோ சூளையில் வெந்த கல்லும், கூரை வேய வேல்ஸ் மலையில் வெட்டிய கரும்பலகைக் கல்லும் எந்த ஊருக்கும் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்னால் சாந்து பூசி, கருங்கல் கட்டடம் போலக் கோடு கிழித்துச் செங்கலை மறைப்பதுதான் நாகரிகம். கைவினைக் கலைஞர் வில்லியம் மோரிஸுக்காக பிலிப் வெப் என்ற கட்டடக் கலைஞர் 1859ல் வரைந்த சிவப்பு வீடு அந்த வழக்கத்தை உடைத்தது. செங்கலை மூடாமல் அப்படியே காட்டிய வீடு அது. பிறகு நார்மன் ஷா போன்ற கட்டடக் கலைஞர்கள் வந்தார்கள். லண்டனுக்கு மேற்கே 1875ல் தொடங்கிய பெட்ஃபோர்ட் பார்க் குடியிருப்பில் சிவப்புச் செங்கலும் வெள்ளை ஜன்னலும் ஓட்டு முகடும் தெரு முழுக்க வந்துவிட்டன. செங்கலைத் திறந்து காட்டுவதுதான் அந்தப் பாணியின் உயிர். அதைப் பூசி மூடிவிட்டால் மிஞ்சுவது ஒரு பெட்டி.

மகள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கொத்தனார் செங்கல்லுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைத்துக்கொண்டிருந்தார். என் ஆங்கிலம் அரைகுறை, அவர் பேசுவதோ எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் அவருடைய வாளிக்குள் எட்டிப் பார்த்ததும் விளங்கிவிட்டது. சுண்ணாம்பு! பழைய சிமெண்டுச் சந்துகளை உளியால் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக்கொண்டிருந்தார். முன்பு யாரோ சிமெண்டு வைத்ததால் கல்லின் முகம் பொரிந்து கையோடு வருவதைக் காட்டினார். நானும் கொத்தனார் என்று சைகையில் சொன்னேன். கரண்டியை என் கையில் கொடுத்தார். ஒரு முழத்துக்குச் சந்து அடைத்துக் காட்டினேன். கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார்.

சிமெண்டு பூசினால் என்ன கெட்டுவிடும், சுவருக்குப் பாதுகாப்புத்தானே என்று கேட்பவர்கள் நிறைய. பங்களாவில் வேலையை மேற்பார்க்கும் தம்பியும் அதைத்தான் என்னிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

பழைய செங்கல் சுவருக்கு உள்ளே ஈரம் போய்வரும். அடியிலிருந்து ஓதம் ஏறும், மேலிருந்து மழை நனைக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அது கல்லைவிட மிருது. உள்ளே போன ஈரம் பெரும்பாலும் அந்தச் சந்து வழியாகவே வெளியே வந்து காய்ந்துவிடும். கட்டடம் கொஞ்சம் அசைந்தாலும் சுண்ணாம்பு வளைந்துகொடுக்கும். மயிரிழை வெடிப்பு விழுந்தால், மழைத்தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு அங்கே மறுபடி படிந்து மூடிக்கொள்ளும். காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கி வாங்கி வருஷக்கணக்கில் மெல்ல இறுகுவது அதன் இயல்பு. சிமெண்டு அப்படி இல்லை. ஒரே மாதத்தில் கல்லைவிடக் கெட்டியாகிவிடும். ஈரத்தை வெளியே விடாது. அடியிலிருந்து ஏறிய ஓதம் போக வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னாலேயே தங்கும். அந்த ஈரத்தில் கரைந்த உப்பு, கல்லின் முகத்துக்கு உள்ளேயே பூக்கும். பூத்த உப்பு கல்லை உள்ளிருந்து தள்ளும். சில வருஷத்தில் பூச்சு உப்பி, கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டு விழும். சூளையில் வெந்த கல்லுக்கு அந்த மேல்தோல்தான் கெட்டி. அது போனால் உள்ளே இருப்பது பொலபொலவென்று உதிரும்.

இங்கிலாந்தில் இந்த அழிவை உறைபனி முடுக்குகிறது. நமக்குப் பனி இல்லை. ஆனால் மான்செஸ்டரில் வருஷத்துக்கு 800 சொச்சம் மில்லிமீட்டர் மழை என்றால், நம் நாட்டில் ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர். அங்கே கெடுப்பது பனி, இங்கே கெடுப்பது மழையும் உப்பும்.

அந்தக் காலத்தில் சிமெண்டு இல்லாததால் சுண்ணாம்பு வைத்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824ல். இந்த மாதிரி வீடுகள் எழுந்த காலத்தில் சிமெண்டு பழக்கத்துக்கு வந்துவிட்டது. வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு போதும், அதுதான் பொருந்தும் என்று தெரிந்தே வைத்தார்கள். நம் கிந்தா பள்ளத்தாக்கில் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஈப்போவைச் சுற்றி நிற்கும் வெள்ளைக் குன்றுகள் அத்தனையும் சுண்ணாம்புக் கல். செங்கல்லுக்கு ஆற்றோரக் களிமண், சாந்துக்குப் பக்கத்துக் குன்று. இந்தப் பங்களா இந்த மண்ணில் விளைந்தது.

துரை மனத்தில் இருந்தது இங்கிலாந்து வீடுதான் என்றாலும், கட்டியவர்கள் இந்த ஊர் மழையையும் கரையானையும் மறக்கவில்லை. அங்கே சுவர் முடியும் இடத்தில் கூரையும் முடிந்துவிடும். இங்கே கூரையை நாலடிக்கு மேல் வெளியே இழுத்திருக்கிறார்கள். அங்கே பலகைத் தரைக்கு அடியில் காற்றுப் போக ஓட்டைச் செங்கல் நாலைந்து வைத்தால் போதும். இங்கே வீட்டையே நெஞ்சுயரச் செங்கல் வளைவுகளின் மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே மேலும் கீழும் தள்ளும் கண்ணாடி ஜன்னல், இங்கே அதே அளவில் சாய்பலகைக் கதவு. அறைக்கு அறை இருந்த கணப்பும் புகைபோக்கியும் இங்கே கிடையாது. ஓட்டுக் கூரையோ, நடுவில் ஓர் அடி உயர்த்தி வைத்த இரட்டைக் கூரை, சூடான காற்று வெளியேற. அடுக்களையைத் தள்ளிக் கட்டி, நனையாமல் போய்வர ஓடு வேய்ந்த நடைபாதை போட்டிருக்கிறார்கள். அந்த நடைபாதைத் தூண்களையும் இடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். வீட்டுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய காலி நிலம் கிடக்கும்போது அது தேவையா என்று யோசிக்க வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களே சிலர் என்னிடம் கேட்டார்கள்: “வெள்ளைக்காரன் வீடுதானே அண்ணே, அது இருந்தால் என்ன, போனால் என்ன?” நியாயமான கேள்வி. அந்த வீட்டில் முன்படி துரைக்கு, பின்னால் உள்ள குறுகிய படி வேலைக்காரர்களுக்கு. இங்கிலாந்து வில்லாக்களிலும் வேலைக்காரர்களுக்குத் தனிப் படி இருந்தது என்பதை மகள் வீட்டில் பார்த்தேன். அங்கே வர்க்கம், இங்கே வர்க்கத்தோடு நிறமும் சேர்ந்துகொண்டது. என் அம்மா சில வருஷம் அங்கே துணி துவைத்தார். பின்படியில் மட்டும்தான் ஏறுவார். அப்பா முன்சுவரில் சந்து அடைக்கப் போனால்கூடத் துரைசானி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்வரை சாரத்தில் ஏற மாட்டார். அதையெல்லாம் நான் மறக்கவில்லை, யாரையும் மறக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்தச் சுவரின் ஒவ்வொரு கல்லையும் தொட்டு வைத்தது எங்கள் கை. களிமண் மிதித்தவர்கள், சூளைக்கு விறகு பிளந்தவர்கள், தலையில் கல் சுமந்த சித்தாள் பெண்கள், கல் வரிசை பிடித்த கொத்தனார்கள். அவர்களுடைய லயன்களை இடித்தாகிவிட்டது. காலையில் பெயர் கூப்பிட்ட பெரட்டுக் களத்தில் இன்று மாதிரி வீடு நிற்கிறது. அவர்கள் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும்படி மிஞ்சியிருப்பது இந்தச் சுவரில்தான். அதையும் பூசி மறைத்துவிட்டால், நம் பிள்ளைகளுக்கு எதைக் காட்டி இங்கே நாம் இருந்தோம் என்று சொல்வது?

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில் உள்ள கெல்லி கோட்டையைத் தெரியாதவர்கள் பேராக்கில் இருக்க மாட்டார்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915ல் அதைக் கட்டத் தொடங்கினார். செங்கலும் ஓடும் இந்தியாவிலிருந்து வந்தன, கட்ட மதராஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது விஷக் காய்ச்சல் பரவி அவர்களில் பலர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழுந்தது. அந்தக் கோயில் கூரையில் சாமிச் சிலைகளோடு தொப்பி போட்ட துரையின் உருவமும் நிற்கிறது. 1926ல் அவர் லிஸ்பனில் இறந்துவிட, கட்டடம் முடியாமலே நின்றது. இன்று உல்லாசப் பயணிகள் காசு கொடுத்து உள்ளே போய், பூச்சு இல்லாத சிவப்புச் சுவர் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தலைநகர் கோலாலம்பூரில் 1897ல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் செங்கல் தெரியும் கட்டடம்தான். அதன் மேல் சிமெண்டு பூசி மஞ்சள் வண்ணம் அடிப்பேன் என்று யாராவது சொன்னால் நாடே எழுந்து நிற்கும். எங்கள் பங்களா அவ்வளவு பெரியது இல்லை, பெயரும் கிடையாது. சுவர் அதே சுவர்தான்.

இந்தத் தவறைச் செய்வது வீடமைப்பு நிறுவனங்கள் மட்டும் என்றும் சொல்ல முடியாது. நம் தோட்டத்துக் கோயில்களிலேயே எத்தனை இடத்தில் பழைய செங்கல் கருவறைச் சுவரில் சிமெண்டு பூசி, அதன் மேல் குளியலறைக்கு ஒட்டுகிற பளபளப்பு ஓடுகளை ஒட்டியிருக்கிறார்கள்! கும்பாபிஷேகத்துக்கு முன்னால் நன்கொடை வசூலித்து, நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். மூன்று நான்கு வருஷத்தில் ஓடு உப்பிக்கொண்டு வருகிறது. திருப்பணிக் குழுவினர் இதையும் கவனிக்க வேண்டும்.

இனி என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன்.

கிழக்குச் சுவரில் பூசியது இன்னும் முழுதாக இறுகவில்லை. நாள் கடத்தாமல் இப்போதே இறங்கினால், சிற்றுளியும் மரச்சுத்தியும் கொண்டு, கல்லின் முகம் போகாமல் எடுத்துவிடலாம். அதிர்வு இயந்திரம் வைக்கக் கூடாது. முன்பக்கத்தில் சந்து தேய்ந்த இடம் இருக்கிறது. அங்கே ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூர்மணல் கலந்து அடைக்க வேண்டும். நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் எவ்வளவு காலம் ஊறவிடுகிறோமோ அவ்வளவுக்குப் பசை ஏறும். ஈரம் அதிகமான அடிப்பகுதிக்குச் செங்கல் தூளும் கொஞ்சம் சேர்க்கலாம். அடைத்த இடத்தை நனைத்த சாக்கு கட்டி மூட வேண்டும், வெயிலில் வேகமாகக் காயவிடக் கூடாது. மழைக்குத் தார்ப்பாய் வேண்டும். பொரிந்துபோன கல்லைத் திருப்பி வைத்தாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும், உள்முகம் நன்றாகத்தான் இருக்கும். அடுக்களைப் பக்கத்துக் கழிவு வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது. மேற்குச் சுவரில் ஓதம் ஏறுவதற்கு முக்கால் காரணம் அதுதான். அதைத் தூர்வாரினால் பாதிச் செலவு மிச்சம். உள் அறைகளுக்கு வண்ணம் வேண்டும் என்றால் சுண்ணாம்பு வெள்ளை அடிக்கலாம். பிளாஸ்டிக் மாதிரி மூடிக்கொள்ளும் பெயிண்டு வேண்டாம்.

இதற்கு ஆள் கிடைக்காது என்று சொல்லிவிட வேண்டாம். 2008ல் உலக மரபுடைமைத் தலமான பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளைச் சுண்ணாம்பு வைத்தே செப்பனிடுகிறார்கள், அந்தக் கை பழகிய தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். மோரிஸும் வெப்பும் 1877ல் தொடங்கி வைத்த பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றைக்கும் இங்கிலாந்தில் பழைய செங்கலுக்குச் சிமெண்டு வேண்டாம் என்றுதான் வலியுறுத்துகிறது. அவர்கள் சொல்லும் முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. பட்டியலில் ஏறாத கட்டடமாக இருந்தாலும் ஊராட்சி மன்றமும் மாநில அரசும் ஒரு வார்த்தை சொன்னால் நிறுவனம் கேட்கும் என்றே நம்புகிறேன். இடிக்காமல் வைத்துக்கொள்ளும் மனம் அவர்களுக்கு இருக்கிறதே, அது பெரிய விஷயம். எங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியும் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும்.

எனக்கு மூட்டு வலி, சாரத்தில் ஏற முடியாது. ஆனால் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து சாந்து பதம் சொல்ல முடியும். தொழில் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் நாலு பேர் வந்தால், நிறுவனம் இடம் கொடுத்தால், கூலி எதுவும் வாங்காமல் சுண்ணாம்பு நீற்றுவதிலிருந்து சந்து அடைப்பது வரைக்கும் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன். அப்பாவின் கரண்டிகளும் மட்டக்கோலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மேற்பார்வைத் தம்பியிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மேற்குச் சுவரில் சாரம் கட்ட அடுத்த வாரம் மூங்கில் வருகிறது என்று அவர் சொன்னார். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரசுரித்து உதவ வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்துக் கொத்தனார்,
பத்து காஜா, பேராக்.